ஆல்டித்தும் அரசருக்குப் போன பன்றிகளும்

ஓக்கன்டென் ஊரில் ஆல்டித்தைக் கண்டால் ஆகாதவர்கள் இரண்டே பேர். ஒன்று பாதிரியாரின் நாய், மற்றவன் அவள் கொழுந்தன் வுல்மர். நாயை அவள் ஒருமுறை தெரியாமல் மிதித்துவிட்டாள், அதன் கோபம் நியாயம். வுல்மருக்கு நிலத்தின் மேல் கண்.

எங்கள் கென்ட் சீமையில் புருஷன் செத்தால் அவன் நிலத்தில் பாதி பெண்டாட்டிக்கு. வேறு சீமைகளில் மூன்றில் ஒரு பங்கோடு சரி, நாங்கள் அப்படிக் கிள்ளிக் கொடுப்பதில்லை. ஆனால் அந்தப் பாதிக்கு ஒரு கொக்கி உண்டு. அவள் இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டாலோ, அவள் வீட்டில் கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டாலோ, நிலம் புருஷன் வீட்டாருக்குத் திரும்பிவிடும். ஆல்டித்துக்குப் பிள்ளை இல்லை. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து வுல்மர் அவள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் நடையைக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு போவான். அவளோ உள்ளே இருந்தபடி, "இன்னும் அழலே வுல்மர், நாளைக்கு வந்து பாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

குரல்தான் அவளுக்குக் கடவுள் கொடுத்த பெரிய சொத்து. அடுத்தது தைரியம். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் வரும் என்பாள், அல்லது வராது என்பாள். "வந்தாலும் வரலாம்" என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. பாதி நாள் அவள் சொன்னது பொய்த்துப்போகும். அதற்காக அவள் முகம் வாடியதும் இல்லை.

ஊர்ப் பன்றிகளை மேய்ப்பது அவள் வேலை. அறுவடை முடிந்து ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு பன்றிகளை அவிழ்த்து அவளிடம் விட்டுவிடுவார்கள். நூறுக்குக் குறையாத அந்தக் கூட்டத்தைத் தெற்கே பெருங்காட்டுக்கு ஓட்டிப் போய், கொட்டை தின்ன வைத்து, கொழுக்க வைத்து, நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்குத் திருப்பிக் கொண்டுவருவாள். அன்று ஊரே அடுப்பை மூட்டிக் கத்தி தீட்டும். அறுத்து, உப்பிட்டு, புகையில் தொங்கவிட்டால் வசந்தம் வரை கவலையில்லை. கூட்டத்துக்கு முன்னால் போவது அவளுடைய சொந்தப் பெண் பன்றி. பெயர் சீமாட்டி. வயதாகி, வயிறு தரையில் உரச நடக்கும். அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ மற்றவை அந்தப் பக்கம் திரும்பும். சாயங்காலம் ஆல்டித் மாட்டுக் கொம்பை எடுத்து ஊதினால் போதும், அவித்த பட்டாணிக்காக நாலு திசையிலிருந்தும் ஓடிவரும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்தாம் வருஷம் வந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நாடு இரண்டுபட்டால் சிப்பாய்க்கு. கோடையின் தொடக்கத்தில் பிரபுக்கள் ஜான் அரசரைப் பார்த்து, நீர் எங்களுக்கு அரசரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். லண்டன்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை நேரம் பார்த்து அவர்களுக்கு நகரத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். அப்புறம் தேம்ஸ் ஆற்றங்கரைப் புல்வெளியில் அரசர் வேண்டா வெறுப்பாக ஒரு சாசனத்துக்கு முத்திரை போட்டார். சொந்தக்காரன் மனமுவந்து கொடுத்தாலொழிய அரசருடைய ஆட்கள் யார் பொருளையும் சும்மா எடுக்கக்கூடாது என்று அதில் இருப்பதாக ஊருக்கு ஊர் பேசிக்கொண்டார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். கோடை முடிவதற்குள் ரோமிலிருந்து போப்பாண்டவர் அது செல்லாது என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் கொடுத்ததைப் பெரியவர்களே பிடுங்கிக்கொண்டால் நாம் யாரிடம் போய்ச் சொல்வது?

அக்டோபரில் சண்டை எங்கள் பக்கமே வந்தது. பிரபுக்களின் ஆட்கள் ராச்செஸ்டர் கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ள, அரசர் படையோடு வந்து வளைத்துக்கொண்டார். பேராலயத்துக்குள்ளேயே குதிரை கட்டினார்களாம். அந்தக் குதிரைகளும் அவற்றின் மேல் ஏறுகிறவர்களும் தின்ன வேண்டுமே. சுற்று வட்டாரத்தில் கோழி கூவுவது நின்றது, மாடு கத்துவது நின்றது. கூரையில் புகைந்துகொண்டிருந்த இறைச்சியைச் சிப்பாய்கள் பழம் பறிப்பது போல் பறித்துக்கொண்டு போனார்கள்.

மார்ட்டின் திருநாள் நெருங்கியபோது கோயில் வாசலில் ஊர் கூடியது. பன்றிகளைக் கொண்டுவந்து அறுப்பதா, வேண்டாமா என்று பேச்சு. எல்லாரும் தயங்க, காட்டிலிருந்து இதற்காகவே வந்த ஆல்டித் மட்டும் தயங்கவில்லை.

"அறுத்துத் தொங்கவிட்டா அது எங்கே ஓடும்? வர்றவன் எடுத்துட்டுப் போவான்" என்றாள். "நாலு கால் இருக்கறவரைக்கும்தான் அது நம்ம பன்னி. காட்டுல கிடக்கட்டும். இவங்க சண்டை முடிஞ்சு தொலைஞ்சதும் ஓட்டிட்டு வர்றேன்."

இதைத்தான் வுல்மர் ஏழு வருஷமாக எதிர்பார்த்துக் கிடந்தான் என்று அவன் முகத்தைப் பார்த்தவர்கள் சொல்லுவார்கள். மெதுவாக எழுந்தான்.

"காணாமப் போச்சுன்னா யாரு பொறுப்பு, மதினி? உங்க பேச்சைக் கேட்டுட்டு ஊரு பட்டினி கிடக்கறதா?"

"நான் பொறுப்பு."

"வாயால சொன்னா ஆச்சா? எதை ஈடு வைக்கிறீங்க?"

கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் ஆல்டித் யோசித்து யார் பார்த்தது? திருடன் கொண்டுபோனாலும், ஓநாய் தின்றாலும், அரசரே ஆள் அனுப்பி எடுத்தாலும், ஊர்ப் பன்றி ஒன்றே ஒன்று தன் கையை விட்டுப் போனாலும் தன் பங்கான பாதி நிலத்தை வுல்மர் எடுத்துக்கொள்ளலாம், ஊருக்கான நஷ்டத்தை அவனே கட்டிவிடட்டும் என்று பன்னிரண்டு பெரியவர்கள் முன்னால் சத்தியம் செய்துவிட்டாள். தன் சொந்தப் பன்றிகள் போனால் அது தன் தலையெழுத்து என்றும் சொன்னாள். கூட்டம் கலைந்தபோது பெண்கள் அவளைத் திட்டினார்கள். நிலம் போனால் அவளுக்குக் கூரையும் இல்லை, கஞ்சியும் இல்லை. கொழுந்தன் வீட்டு வைக்கோல் போரில் படுத்துக்கொண்டு அவன் பெண்டாட்டிக்கு விறகு சுமக்க வேண்டியதுதான். அதெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டு அவள் காட்டுக்குத் திரும்பினாள்.

அவள் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஓடைக்கு அப்பால், பகலிலும் இருட்டாக இருக்கும் ஒரு பள்ளத்தில் கூட்டத்தை மறித்து வைத்தாள். அடுப்புப் புகை தெரியாமல் இருக்க ஆறிப்போன பார்லி ரொட்டியையே தின்றாள். கொம்பை மட்டும் ஊதவே இல்லை. வழிப்பறிக்காரன் காதில் விழுந்தால் பட்டாணி வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடும் என்று அதை மரப்பொந்தில் ஒளித்துவிட்டு, நாக்கைத் தட்டிச் சீமாட்டியைக் கூப்பிட்டாள், சீமாட்டி மற்றவற்றைக் கூட்டிவந்தது. திருட்டுச் சிப்பாய்கள் இரண்டு தடவை காட்டோரம் வந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பன்றிகளிடமே தன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் கடைசியில், பனி உறைந்த ஒரு காலையில், பாதைப் பக்கமிருந்து கொம்புச் சத்தம் கேட்டது.

எங்கள் நாட்டில் அந்நியன் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கினால் குரல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொம்பு ஊத வேண்டும். சத்தமில்லாமல் வருகிறவன் திருடன், அவனை அடித்துப் போட்டாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை. பாட்டன் காலத்துக்கும் முந்தைய சட்டம் அது. வந்தவன் ஹாமோ, அரசருடைய சேவகன், கான்டர்பரிக்காரன். கென்ட் மண்ணில் பிறந்தவன் என்பதால் முறை தெரிந்தவன். ஏழெட்டு ஈட்டிக்காரர்களோடு பாதையிலிருந்து இறங்கும்போது, நாலு பேர் பார்த்தால் தப்பாக நினைக்கக் கூடாதே என்று ஒழுங்காகக் கொம்பை எடுத்து ஊதினான்.

பல நாளாக அந்தச் சத்தத்துக்கு ஏங்கிக் கிடந்த பன்றிகள் ஒரு நிமிஷம் காதை நிமிர்த்தின. அடுத்த நிமிஷம் பள்ளத்தில் ஒன்று பாக்கியில்லை. ஆல்டித் கத்தினாள், குறுக்கே விழுந்தாள், ஒன்றின் வாலைக்கூடப் பிடித்துப் பார்த்தாள். சீமாட்டியே முதல் ஆளாய் ஓடுகிறபோது யார் அவள் பேச்சைக் கேட்பது? அவள் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தபோது ஈட்டிக்காரர்களில் பாதிப்பேர் மரத்தின் மேல் இருந்தார்கள். ஹாமோ மட்டும் இடுப்பளவு பன்றிக் கூட்டத்தில், கொம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான். கீழே நூறு மூக்குகள் அவன் மடியில் பட்டாணி தேடிக்கொண்டிருந்தன.

திருடனுக்கு என்ன வழி என்று எல்லாம் யோசித்தவள், யோக்கியன் ஒருவன் வருவான் என்று யோசிக்கவில்லை. அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

"உங்களைத் தேடிக்கிட்டுத்தாம்மா வந்தோம்" என்றான் ஹாமோ. "நாள் முழுக்க அலையணும்னு நினைச்சேன். நல்லா வளர்த்திருக்கீங்க."

மத்தியானத்துக்குள் கூட்டம் முழுவதும் ஊர்ப் புல்வெளியில் நின்றது, சுற்றிலும் ஊர் நின்றது. ஹாமோ அரசரின் உத்தரவைச் சொன்னான். பத்துப் பன்றி வேண்டும். இருப்பதிலேயே கொழுத்தவையாக இருக்க வேண்டும், தின்பதற்கு லாயக்கில்லாதவையாகவும் இருக்க வேண்டும். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தின்ன ஆகாத பன்றி அரசருக்கு எதற்கு என்று ஊர்த்தலைவர் கேட்டார். கோட்டைக் கோபுரத்தின் அடியில் சுரங்கம் தோண்டி மரத்தூண் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், தூண்கள் எரிந்து விழுந்தால் கோபுரமும் கூடவே விழும், அவற்றைச் சாம்பலாக்க நெருப்பு வேண்டும், பன்றிக் கொழுப்பு போல எரிவது வேறு எதுவும் இல்லை என்று ஹாமோ விளக்கினான். நல்ல இறைச்சியை வீணாக்க வேண்டாம் என்று அரசர் சிக்கனம் பார்க்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டான்.

"மனமுவந்து கொடுத்தாத்தான் எடுக்கலாம்னு சாசனத்துல இருக்குதாமே" என்றாள் ஆல்டித். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அவள் குரல் ஒரு நூல் இறங்கவில்லை.

"அதேதாம்மா நானும் சொல்றேன். நீங்க எல்லாரும் மனமுவந்துதான் கொடுக்கணும். உவக்கலேன்னா கூரையைக் கொளுத்திருவோம்."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. பின்னாளில் யாரும் கொள்ளை என்று வழக்குப் போடக் கூடாது, அதனால் முறைப்படி காது பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றான். எங்கள் ஊரில் பன்றியின் காதில்தான் வீட்டுக்கு வீடு வேறு வெட்டு இருக்கும். சொந்தக்காரன் அந்த வெட்டுக் காதைப் பிடித்து, நாலு பேர் பார்க்க, வாங்குகிறவன் கையில் கொடுத்தால் கைமாறியது என்று அர்த்தம்.

ஆல்டித் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சீமாட்டி, கடாப் பன்றி, ஈன்று ஓய்ந்த இரண்டு கிழடுகள், எல்லாம் சேர்த்து அவளுக்குச் சொந்தமானவை ஒன்பது. ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்து ஹாமோவின் கையில் வைத்தாள். சீமாட்டியின் காதைக் கொடுப்பதற்கு முன் அவள் அதை ஒருமுறை சொறிந்துவிட்டதை எல்லாரும் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி நின்றார்கள். ஒன்று குறைந்தது. அந்த ஒன்று ஊர்ப் பன்றியாக இருந்தால் அவள் நிலம் போயிற்று. ஹாமோ தடியை ஊன்றிக்கொண்டு, யாரும் தராவிட்டால் மேய்ப்பவள் கையிலிருந்து நானே ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன் என்று கூட்டத்தை நோட்டம் விட்டான். ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. தன் பன்றியை யார்தான் தாமாகத் தருவார்கள்?

வுல்மரும் ஒரு கணக்குப் போட்டான். ஹாமோ குருட்டாம்போக்கில் காதில் வெட்டே இல்லாத ஒரு விடலைப் பன்றியைப் பிடித்துவிட்டு, அது ஊர்ப் பன்றியே இல்லை என்று கடைசியில் ஆகிவிட்டால்? கணக்கில் தப்பு வந்து ஒன்பதே போதும் என்று அவன் போய்விட்டால்? பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? ஒரு கிழட்டுப் பன்றியை விட்டுப் பாதி நிலத்தைப் பிடிக்க எந்த மடையன் மாட்டேன் என்பான்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்தான்.

"என்னுது ஒண்ணு இருக்குங்க ஐயா" என்று தன் பெண் பன்றியை இழுத்து வந்தான். "இதோட கறியை நாய்கூட மோந்து பாக்காது. கோயிலுக்குப் பத்துல ஒண்ணுன்னு தசமபாகம் கேக்க வந்தப்போ பாதிரியார்கிட்டயே சொல்லியிருக்கேன், கேட்டுப் பாருங்க. மனசார, முழு மனசாரக் குடுக்கறேன்."

பாதிரியார் வானத்தைப் பார்த்தார். வுல்மர் காதைப் பிடித்து, எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தியே ஹாமோவின் கையில் வைத்தான். வைத்துவிட்டு ஆல்டித்தைப் பார்த்துச் சிரித்தான். ஆல்டித் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான் என்று ஊரில் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

பத்தையும் ராச்செஸ்டருக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள். ஈட்டிக்காரர்கள் ஓட்டினால் அவை நாலு பக்கமும் சிதறின, வேறு வழியில்லை. மெட்வே ஆற்றுக்கு மேலே அந்தக் கோபுரம் தெரிந்தபோது, இத்தனை பெரிய கல்மலையை என் சீமாட்டியா சாய்க்கப் போகிறாள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. முகாமில் கத்தியோடு நின்றவர்களைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. மடியில் இருந்த கடைசிப் பட்டாணியைச் சீமாட்டிக்குக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஊர் எல்லை வரை அழுதாள். மனுஷருக்காகக்கூட அவள் அப்படி அழுததில்லை, புருஷனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சில நாளில் சேதி வந்தது. சுரங்கத்தில் தீ வைத்தார்கள், கோபுரத்தின் ஒரு மூலை அப்படியே சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் இடிந்த பாதியை விட்டு மறு பாதியில் நின்று சண்டை போட்டு, அங்கே தின்னக் குதிரையும் தீர்ந்துபோய், நவம்பர் கடைசி நாளான புனித அந்திரேயா திருநாளன்று சரணடைந்தார்கள். சிப்பாய்கள் வேறு சீமையைத் தின்னப் போனார்கள்.

வுல்மர் பொறுக்கவில்லை. அந்த வாரமே ஊர்ச்சபையைக் கூட்டச் சொன்னான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான், நிலத்தை அளக்கக் கோலும் கொண்டுவந்தான். ஊர்ப் பன்றி ஒன்று போயிற்றா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி என்றான். பன்னிரண்டு பெரியவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சத்தியம் சத்தியம்தானே. ஊர்த்தலைவர் ஆல்டித்தைப் பார்த்து, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று வருத்தத்தோடு கேட்டார்.

"என் கையை விட்டுப் போனா நிலம் போகும்னு சொன்னேன். இல்லேங்கல" என்றாள். "அந்தப் பன்னியோட காதை யாரு கையில பிடிச்சு யாரு கையில குடுத்தாங்க? அதை மட்டும் சொல்லிருங்க."

கடைசி வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அது உறிஞ்சல் இல்லை, சிரிப்பு. அப்புறம் பன்னிரண்டு பேரும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். சொந்தக்காரனே காதைப் பிடித்து, முழு மனதோடு தானம் கொடுத்த பன்றி மேய்ப்பவள் கையை விட்டு எப்படிப் போகும்? ஊர்ப் பன்றி ஒன்றும் அவளிடமிருந்து போகவில்லை, நிலம் அவளுக்கே என்று தீர்ப்பானது. தவளை தன் வாயால் கெடும், வுல்மர் கையாலும் கெட்டான்.

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "அப்போ என் பன்னிக்கு யாரு பதில் சொல்றது?" என்றான்.

"அரசரைப் போய்ப் பாரு" என்றாள் ஆல்டித். "இந்த நாட்டுலயே மனசாரக் குடுத்தவன் நீ ஒருத்தன்தான். உன்னை மறக்கவே மாட்டாரு."

நிலம் தப்பியது. தொழுவம் காலி. ஊர்ப் பன்றிகளையெல்லாம் காப்பாற்றிக் கொடுத்தவள் வீட்டில் அந்தக் குளிர்காலத்துக்கு ஒரு துண்டு இறைச்சி கிடையாது. அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற ஜாதி இல்லை அவள். மூன்று வாரம் தள்ளிப்போன அறுப்பு ஒருவழியாக நடந்தது, ஊர் முழுக்க உப்பும் புகையும் மணத்தன. மறுநாள் விடிந்து அவள் கதவைத் திறந்தபோது பக்கத்து வீட்டுக்காரி ஒரு விலாத் துண்டோடு நின்றாள். பின்னாலேயே இன்னொருத்தி தொடையோடு வந்தாள். பாதிரியார் பன்றித் தலை ஒன்றை அனுப்பிவைத்தார், கூடவே நாயும் வந்தது. பொழுது சாய்வதற்குள் அவள் கூரையில் தொங்கவிட இடமில்லை.

எல்லாரும் போனபிறகு வுல்மரின் பெண்டாட்டி வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மேலாடைக்குள்ளிருந்து ஒரு கொழுத்த துண்டை எடுத்து நீட்டினாள். அவருக்குத் தெரியாது என்றாள். தெரியட்டுமே என்றாள் ஆல்டித், அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்து, வந்ததிலெல்லாம் அந்தத் துண்டைத்தான் முதலில் சட்டியில் போட்டாள்.